கேப்டனின் வலது காது

என் வீட்டுக்காரர் ஜெயசிங் விமானம் ஓட்டுகிறவர். நான் சொல்வது எழுபத்தாறாம் வருடத்துக் கதை. அப்போது தூத்துக்குடியில் விமானமே இறங்காது. அதனாலேயே ஊரில் அவருக்கு மரியாதை கூடுதல். தோணி ஓட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள், ஆகாயத்தில் ஓட்டுகிறவர் இவர் ஒருத்தர்தான். புதுத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் கேப்டன்களுக்குக்கூட எங்கள் தெருவில் இரண்டாம் இடம்தான். அவரும் அதற்கேற்ற நடைதான் நடப்பார்.

வேலை மெட்ராஸில் ஒரு விமானக் கம்பெனியில். பெயரைச் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு தடவை ரயிலேறி வீட்டுக்கு வருவார். நான் இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மெட்ராசுக்கு வந்துவிடு என்று அவர் கூப்பிடாமல் இல்லை. பறப்பதும், இறங்கி வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்குவதுமாக இருக்கிற மனுஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்யப் போகிறேன்? முடியாது என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு அவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அவருக்குக் காது மந்தம் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். கண்டுபிடிக்கக் கொஞ்சம் நாளானது, ஏனென்றால் முழுச் செவிடு இல்லை. லாரிச் சத்தம் கேட்கும். துறைமுகத்துச் சங்கு கேட்கும். கட்டைக் குரலில் ஒரு ஆள் பேசினால் கேட்கும். பெண்கள் பேசினால் கேட்காது, குக்கர் விசில் கேட்காது, வாசலில் சைக்கிள் மணி அடித்தால் கேட்காது. கேட்காததை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வித்தை வைத்திருந்தார். யார் என்ன கேட்டாலும் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு "ஆமா" என்பார். சாப்பிடுதியளா என்றால் ஆமா. உங்க அண்ணன் வந்தாவளா என்றால் ஆமா. யாரு வந்தது என்று கேட்டேன், அதற்கும் ஆமா. அங்கேதான் பிடித்தேன்.

பிடித்த பிறகு விட்டேனா? அடுப்படி வாசலில் என் வாயைப் பார்க்கிற மாதிரி நேரே நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

காக்பிட்டில் கேப்டன் இடது பக்கம் உட்காருவார், கோ-பைலட் வலது பக்கம். இருவருக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு இஞ்சின் அலறும். கண்ணாடியை அறைந்துகொண்டு காற்று போகும். இதற்கு நடுவில் கீழேயிருந்து ரேடியோவில் பேசுகிறவன் சொல்வதும் கேட்க வேண்டும், பக்கத்தில் இருக்கிறவன் கத்துவதும் கேட்க வேண்டும். அதனால் கேப்டன்கள் எல்லாரும் ஹெட்போனை இடது காதில் மட்டும் மாட்டி, வலது காதைத் திறந்து விட்டுவிடுவார்களாம். கோ-பைலட் இதையே மாற்றிச் செய்வான், அவனுக்கு இடது காது திறந்திருக்கும். ரேடியோ கேட்க வேண்டுமே என்று ஹெட்போன் சத்தத்தை முடிந்த மட்டும் கூட்டி வைத்திருப்பார்கள். ஆக, ஒரு காதை இஞ்சின் தின்னும், மற்றதை ரேடியோ தின்னும். பழைய டகோட்டா விமானம் ஓட்டிய காலத்திலிருந்தே இதுதான் பழக்கம். இருபது வருடத்துக்கு மேல் இவர் இப்படியே பறந்திருக்கிறார்.

"இரண்டு காதையும் மூடுத மாதிரி கனமான ஹெட்போன் கிடையாதா?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல இருக்கு. நம்ம கம்பெனில கேட்டா பாக்கலாம்னு சொல்லுதான்."

"பஞ்சாவது வைக்கலாம்லா?"

"பஞ்சு வச்சா சிரிப்பானுவ, செல்வி. இவ்ளோ நாள் ஓட்டின கேப்டனுக்கு சத்தம் தாங்கலையாம்னு சொல்லுவானுவ."

சிரிப்பானுவளாம். கேட்டீர்களா? வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சிரித்தால் அதட்டி உட்கார வைக்கிறவள் நான்.

காது மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. காதுக்குள் எப்போதும் ஒரு விசில் அடித்துக்கொண்டே இருக்குமாம், நிற்கவே நிற்காதாம். வீடு அமைதியாக இருந்தால் அது கூடுமாம். அதனால்தான் லீவில் வந்தால் ஃபேனை முழு வேகத்தில் போட்டு, ரேடியோவையும் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். பறந்துவிட்டு வந்த அன்றைக்கு யார் பேசினாலும் வள்ளென்று விழுவார். தூங்கி எழுந்தாலும் களைப்பு போகாது. இத்தனை வருடமாக நான் அதைக் கேப்டன் என்கிற திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திமிர் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. மிச்சமெல்லாம் இஞ்சின் செய்த வேலை.

விமானிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உடம்புப் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் லைசென்ஸ். முன்பெல்லாம் காதைப் பார்க்க டாக்டர் அறையின் அந்தக் கோடியில் நின்று மெதுவாக எண்களைச் சொல்வார், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த டாக்டருக்கு நல்ல கட்டைக் குரல். இவர் தப்பித்துக்கொண்டே வந்தார். இந்தத் தடவை மெஷின் வந்துவிட்டது. காதில் மாட்டி விடுவார்கள், உள்ளே கீச்சென்றும் கும்மென்றும் சத்தம் வரும், கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை மெட்ராஸில் அந்தச் சோதனை. தோற்றால் பறப்பது அன்றோடு சரி. அவருக்கோ பறப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"டாக்டரு பின்னால உக்காந்து பொத்தானை அமுக்கும்போது தோளு லேசா அசையுமாம். முன்னால ஒரு கண்ணாடி அலமாரி இருக்காம், அதுல தெரியுமாம். போன மாசம் ரெண்டு பேரு அப்படித்தான் தப்பிச்சிருக்கானுவ."

"பின்னால நாப்பது பேரு உக்காந்திருக்காவ. அவிய பாடு?"

"ஏளா, நாப்பது பேரையும் எங்கண்ணு பாத்துக்கிடும். இஞ்சின்ல ஒரு கோளாறுன்னா எனக்கு இடுப்புல தெரியும். காது எதுக்கு?"

"மேகத்துக்குள்ள கண்ணுக்கு என்ன தெரியும்? கீழ இருக்கவன் எவ்வளவு உயரத்துல வரணும்னு சொல்லி, அது உங்களுக்குக் கேக்காம போனா?"

"அதுக்குத்தான் எஸ்றா இருக்கான்."

இந்த எஸ்றா அவருடைய கோ-பைலட். நாசரேத்துப் பையன், தங்கமான பிள்ளை. கீழேயிருந்து என்ன சொன்னாலும் அதை விரலால் இவருக்குக் காட்டிவிடுவான். ஒரு வருடமாக இவருடைய காதை மறைத்து வைத்திருந்ததே அவன்தான். பையனுடைய குணத்தைப் பார்த்துத் தன் அண்ணன் எபனேசரின் மகள் ஞானதீபத்துக்கு இவரே பேசி முடித்தார். எபனேசர் அத்தான் உப்பு வியாபாரி, யாரையும் எளிதில் நம்பாதவர். தம்பி சொன்ன ஒரே வார்த்தைக்காகப் பையனைப் பற்றி வேறு எங்கும் விசாரிக்காமல் சரி என்றார்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஆராதனையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று ஐயர் வாசிப்பார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். வாசித்து முடித்து, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்பார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. அதன்பிறகு எல்லாரும் எழுந்து நின்று பாட்டுப் பாடுவோம்.

முதல் இரண்டு ஓலைக்கும் இவர் மெட்ராஸில் இருந்தார். மூன்றாவது ஓலைக்கு, அந்த வாரம் முழுக்க லீவு போட்டு, திரும்பிப் போகத் திங்கள் இரவு ரயிலுக்குச் சீட்டும் எடுத்துவிட்டு, ஊருக்கு வந்தார். எஸ்றாவுக்கு அன்றைக்கு டியூட்டி. அவனுடைய அம்மா ஞானபாய் அக்கா நாசரேத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து எபனேசர் அத்தான் வீட்டில் சம்பந்தி விருந்து.

இவர் கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். தாழ்மை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. முன்னால் இருக்கிறவர்கள் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார், அவ்வளவுதான் விஷயம். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் இங்கேயிருந்து இடித்துச் சொல்ல வழியில்லை. அன்றைக்குச் சம்பந்தம் பேசி முடித்தவர் என்று அவரை இழுத்துக்கொண்டுபோய் அண்ணனுக்குப் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. ஐயர் மட்டும்தான் இருந்தார்.

தேவபிரசாதம் ஐயருக்கு மெல்லிய கீச்சுக் குரல். தலைக்கு மேலே ஃபேன்கள் வேறு ஓடிக்கொண்டிருந்தன. ஐயர் வாசித்தது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் எழுந்திருக்க ஒரு அடையாளம் வைத்திருந்ததாக இவர் பிறகு சொன்னார். வாசித்து முடித்ததும் ஐயர் கண்ணாடியைக் கழற்றுவார், உடனே பாட்டு. அன்றைக்கு ஐயர் ஓலையின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொல்கிற தைரியத்தில் கொஞ்சம் முந்திக் கழற்றிவிட்டார்.

"இவர்களைச் சேர்த்து வைக்கத் தடையாக உங்களில் யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால், இப்போதே எழுந்து சொல்லவேண்டும். இது மூன்றாம் முறை" என்றார் ஐயர்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

கையில் பாட்டுப் புத்தகம். நெஞ்சை நிமிர்த்தி, பாட ஆயத்தமாக, சிரித்த முகத்தோடு நின்றார். மற்றவர்கள் ஏன் இவ்வளவு மெதுவாக எழுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐயர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கேப்டன், தடை உண்டா?"

"ஆமா" என்றார் இவர்.

என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். பெண்கள் பக்கம் முழுக்க "ஐயோ" என்று ஒரே குரலாக வந்தது. பின்னால் யாரோ, "கூட வேல பாக்கவருல்லா, பயலப் பத்தி என்னமோ தெரிஞ்சிருக்கு" என்றாள். இன்னொருத்தி, "மெட்ராசுல வேற குடும்பம் இருக்கோ என்னவோ" என்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எஸ்றாவுக்குக் குடும்பமே கட்டி வைத்துவிட்டார்கள். எபனேசர் அத்தான் முகம் வெளுத்துப்போய்த் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானபாய் அக்கா என் கையைப் பிடித்தார்கள்.

நான் எழுந்தேன். நடுவில் இருந்த வழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனேன். ஆராதனை நடுவில் எந்தப் பெண்ணும் அங்கே போனதில்லை. போகட்டும் என்று நேரே அவர் முன்னால் போய் நின்றேன். என் வாயைப் பார்த்தால் அவருக்குப் புரியும்.

"பாட்டு வரல. தடை இருக்கான்னு கேட்டாவ. நீங்க ஆமான்னு சொல்லிட்டிய" என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சுற்றிலும் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஞானபாய் அக்காவைப் பார்த்தார்.

ஒரு வாரமாக உண்மையைச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று அவரோடு மல்லுக்கு நின்றவள் நான். அந்த நேரம் எனக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. பெஞ்சில் எங்கள் சபைக்காரர்கள் இருநூறு பேர், அதில் பாதிப் பேருக்கு மெட்ராஸில் சொந்தக்காரர்கள். இங்கே ஒரு வார்த்தை விழுந்தால் அது இவருக்கு முன்னால் மெட்ராஸில் போய் நிற்கும். எனக்குப் பயமாகிவிட்டது. சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தேன்.

"கால் மரத்துப்போச்சு, அதான் எந்திச்சேன்னு சொல்லுங்க."

"கால் மரத்தவன் ஆமான்னு ஏன் சொன்னான்னு கேப்பாவ, செல்வி" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு, ஆனால் முதல் நாலு பெஞ்சுக்கும் கேட்டது. "அண்ணன் சொல்லி அமுக்கிட்டாவன்னு பேசுவாவ. பய பேரு போயிரும். புள்ள பேரும் போயிரும்."

பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். விமானத்தில் பயணிகளுக்கு அறிவிப்புச் சொல்கிற குரலை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அந்தக் குரலில்தான் பேசினார்.

"தடை ஒண்ணும் கிடையாது. எஸ்றா மாதிரி ஒரு பயல நான் பாத்ததில்ல, அதனாலதான் எங்க வீட்டுப் புள்ளையக் குடுக்கோம். ஐயரு என்ன கேட்டாவன்னு எனக்குக் கேக்கல. பாட்டுன்னு நினைச்சு எந்திச்சிட்டேன். கேக்காட்டா ஆமான்னு சொல்லுதது என் பழக்கம். எனக்குக் காது போயிட்டு. இஞ்சின் சத்தத்துல போயிட்டு. ரொம்ப நாளா மறைச்சு வச்சிருக்கேன்."

அவ்வளவுதான். அழுகை இல்லை, தலைகுனிவு இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். வியாழக்கிழமை போய்விட்டது, லைசென்ஸ் போய்விட்டது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதே நேரம், இந்த ஆள் என் புருஷன் என்று அந்த இருநூறு பேருக்கு முன்னால் நெஞ்சு விம்மியது. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது.

எபனேசர் அத்தான் மூச்சை விட்டார். பெண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் சிரிக்கக்கூடத் தொடங்கினார்கள். ஐயரும் சிரித்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஞானபாய் அக்கா எழுந்து நின்றார்கள். சின்ன உருவம், மெல்லிய குரல். புருஷன் போனபிறகு தனியாக நின்று மகனைப் படிக்கவைத்தவர்கள்.

"தம்பி, எம் மவனும் அங்கனதான உக்காருதான்?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இவருக்கு அது கேட்கவில்லை. அக்காவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது, என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"எஸ்றா காதும் போயிருமான்னு கேக்காவ."

எந்தக் கேள்விக்கும் ஆமா என்று சொல்லித் தப்பிக்கிற மனுஷனுக்கு, இதற்கு மட்டும் அந்த வார்த்தை வரமாட்டேன் என்றது. எனக்குத் தெரியும், அவர் இதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தன் காது, தன் லைசென்ஸ், தன் கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதான் நினைத்திருக்கிறார். தனக்காக விரலைக் காட்டிக் காட்டி உட்கார்ந்திருக்கிற பையனுக்கும் அந்தப் பக்கத்துக் காது திறந்துதான் இருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"போவும்க்கா" என்றார். "இப்பமே கொஞ்சம் போயிருக்கும், அவனுக்கே தெரியாது. எனக்கும் அந்த வயசுல தெரியல. எங்க ஆளுவ எல்லாருக்கும் இப்படித்தான். லைசென்ஸ் போயிரும்னு ஒருத்தனும் வாயத் திறக்கமாட்டான். ஒருத்தனும் சொல்லாததுனால, காது நல்லாத்தான இருக்குன்னு கம்பெனி சொல்லுதான். நான் கண்ணாடியப் பாத்துத் தப்பிச்சா அந்தத் தாள்லயும் நல்லாருக்குன்னுதான் எழுதுவான்."

"அப்ப என்ன செய்யப்போறிய?"

அக்கா கேட்ட இதையும் நான் திருப்பிச் சொன்னேன்.

"வியாழக்கிழம டாக்டர்ட்ட நானே சொல்லிருதேன். மெஷின மாட்டுததுக்கு முன்னால சொல்லிருதேன். எப்படிப் போச்சு, எந்த சீட்டுல உக்காந்து போச்சுன்னு எல்லாம் எழுதச் சொல்லுவேன். எழுதிட்டாம்னா அப்புறம் நல்ல ஹெட்போனு வாங்காம இருக்கமுடியாது. ஒரு கேப்டன் காது போயிட்டுன்னு தாள்ல இருந்தா, பாக்கலாம்னு சொல்லமுடியாது."

ஞானபாய் அக்கா உட்கார்ந்துவிடுவார்கள் என்று பார்த்தால், நடுவழியைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டார்கள். அன்றைக்கு இரண்டாவது பெண். இவருக்கு நேரே நின்று, என்னைப் போலவே வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்கள்.

"நீங்க ஒத்தையில போயிச் சொன்னா வயசாயிட்டுன்னு தள்ளிருவாவ. எம் மவன் பேரையும் சேத்து எழுதச் சொல்லுங்க."

பெற்ற மகனுடைய வேலையை, கல்யாணத்துக்கு முந்தி, அவன் இல்லாத இடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. முடியாது என்று தலையை ஆட்டினார்.

"வேண்டாம்க்கா. அவன் இன்னும் முப்பது வருசம் பறக்கணும். எம் பேரு ஒண்ணு போதும்."